கல்லின்மேல் நீட்டிய கை

அம்மா தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை விரித்து நீட்டுவார். இரண்டு மூச்சு நேரம் அப்படியே நிற்பார். பிறகு "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை மாவுக்குள் விடுவார். மேலெழும் சூடான காற்று பாதிச் செய்தியைக் கொண்டுவந்திருக்கும். மீதியைச் சொன்னது கல் வீசிய ஒளி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. அடுப்புக்குப் பக்கவாட்டில் குனிந்தாலே கன்னத்தில் உறைக்குமே, அதே ஒளிதான்.

சூட்டைச் சொல்ல நம் மொழியில் எத்தனை மென்மையான சொற்கள்! வெதுவெதுப்பு, இளஞ்சூடு, கணகணப்பு, அனல், தகிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "உடம்பு கணகணங்குது" என்று சொல்லும்போதே புறங்கை நெற்றியைத் தேடிப் போய்விடுகிறது. இவற்றுக்குள் இருக்கும் படித்தரங்களைக் கைதான் முதலில் பிரித்தறிந்தது. நாக்கு பிறகு பெயர் வைத்தது.

அந்தக் கையின் அருமை எனக்குப் பிடிபட்டது மிகப் பிற்பாடு, ஸ்கூடாயில் எங்கள் வரிசை வீட்டின் முன்கூரையில் ஒரு சிறு வெள்ளைக் குமிழ் வந்து உட்கார்ந்த பிறகு. ஆள் வந்தால் விளக்கைப் போடும் சென்சார். ஜொகூரின் தாமான்களில் வாசலுக்கு வாசல் காணலாம். அதன் கீழே தினமும் செருப்பைக் கழற்றுகிறோம், சாவியைத் தேடுகிறோம். அண்ணாந்து பார்ப்பதுதான் இல்லை. வாருங்கள், ஒருமுறை சேர்ந்து பார்ப்போம்.

முதலில் அந்தக் கவிகை. கோழிமுட்டையைப் பாதியாக்கிக் கவிழ்த்ததுபோல் பால் வெண்மை. வெளிப்புறம் வழவழவென்று இருக்கும். உட்புறத்தை நகத்தால் வருடினால் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய வரிகள் தட்டுப்படும், கைதேர்ந்த ஒருத்தி இழுத்த கோலத்தின் இழைகள்போல. பிரான்சின் பிரெனெல் 1820களில் கலங்கரை விளக்கங்களுக்காக வகுத்த வில்லை இதுதான். கனத்த கண்ணாடியின் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை நீக்கிவிட்டு, அந்த வளைவைத் துண்டு துண்டாக ஒரே தளத்தில் அடுக்கிவிட்டார் அவர். பொந்தியான் கரைக்கு அப்பால் பீசாங் தீவில் 1886 முதல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அப்படிப்பட்ட உயரங்களில் ஒரு சுடரைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பப் பிறந்த உத்தி, எங்கள் வாசலில் வழி திரும்பி நிற்கிறது. வெளியே சிதறிக் கிடக்கும் மேனிச் சூட்டைத் திரட்டி உள்ளே அனுப்புகிறது. அதுவும் எதைக்கொண்டு? பாலிஎத்திலீன், சந்தையில் கீரையைச் சுற்றித் தரும் பிளாஸ்டிக் பையின் உறவு!

அகச்சிவப்பின் உலகில் தெளிவும் திரையும் இடம் மாறிவிடுகின்றன. நமக்குப் பால்போல் மங்கித் தெரியும் அந்தப் பிளாஸ்டிக், மேனிச் சூட்டுக்குத் திறந்த சாளரம். நமக்குத் தெள்ளத் தெளிவான ஜன்னல் கண்ணாடியோ அதற்குச் செங்கல் சுவர். ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், இலட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளில் ஒரு தீபம் எப்படி ஆயிரமாய்ச் சிதறி ஆடுகிறது என்று. அந்தச் சுடரின் வெளிச்சத்தைக் கண்ணாடி வாரி இறைக்கிறது. சுடரைக் கும்பிட்டு நிற்கும் நம் முகங்களின் சூட்டையோ பெரும்பாலும் தானே விழுங்கி வைத்துக்கொள்கிறது. ஒரே சந்நிதியில் இரண்டு விதமான தரிசனம்.

கவிகையைக் கழற்றினால் உள்ளே சட்டைப் பித்தான் அளவில் ஓர் உலோகக் குப்பி. அதன் உச்சியில் கறுத்து மினுங்கும் ஒரு சின்னஞ்சிறு சாளரம். அது சிலிக்கன், நம் கண்ணுக்கு இருட்டு, அகச்சிவப்புக்கு வழி. அதன் பின்னே எள்ளைவிடக் கொஞ்சம் சிறிதாக இரண்டு தகடுகள், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம். சூடு மாறினால் தம் முகங்களில் மின்னூட்டம் அரும்பும் வெப்பமின் பொருளால் ஆனவை.

இந்த இரட்டையில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் தங்கிவிடுகிறது. இரண்டையும் எதிரெதிராக இணைத்திருக்கிறார்கள். ஒன்று சூடேறினால் நேர், மற்றது சூடேறினால் எதிர். இரண்டும் சேர்ந்து சூடேறினால் கணக்குத் தீர்ந்து சுழியாகிவிடும். வெயில் ஏறுகிறது, சுவர் காய்கிறது, சாரல் அடித்து வாசல் குளிர்கிறது; இவையெல்லாம் இரு தகடுகளையும் ஒன்றுபோல் தொடுவதால் தராசு அசைவதில்லை. யாராவது நடந்து வந்தால் மட்டும், அவர் சூடு முதலில் ஒரு தகட்டின்மேல் விழுகிறது, பிறகு நகர்ந்து மற்றதன்மேல் விழுகிறது. முள் ஒருபுறம் சாய்ந்து மறுபுறம் சாயும். அந்த ஒரு நெளிவில் விளக்கு எரிகிறது. தகட்டில் ஏறியிறங்கிய சூடு ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பூமிக்கும் வானத்துக்கும் இடையே நடக்கும் பெரிய சூட்டு மாற்றங்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு மனிதரின் காலடியை மட்டும் கேட்கும் செவி அது!

இன்னும் ஒன்று. நீண்ட அலைநீள அகச்சிவப்பைக் காணும் உயர்ரகக் கருவிகள் பலவற்றைத் திரவ நைட்ரஜனில் குளிரவைக்க வேண்டும், சுழிக்குக் கீழே 196 டிகிரி வரை. கருவியின் சொந்தச் சூடே இரைச்சலாகிக் காட்சியை மூழ்கடித்துவிடும் என்பதால். எங்கள் வாசல் குமிழுக்கு அந்தத் தவம் எதுவும் வேண்டாம். அது ஒளித்துகள்களை எண்ணுவதில்லை. ஒளி விழுந்தால் தானும் வெதுவெதுப்பாகிறது, அதைச் சொல்கிறது. அம்மாவின் கையும் அப்படித்தான், சூட்டை அறியத் தானே சூடாகும். ஆகையால் எந்த அலைநீளத்தில் வந்த ஒளி என்று அது தரம் பிரிப்பதும் இல்லை. வந்தது எல்லாமே அதற்கு வெம்மை.

ஜொகூரின் காற்றில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 33 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும் நம் தோல், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 வாட் அகச்சிவப்பை வீசிக்கொண்டிருக்கிறது, 9.5 மைக்ரான் அலைநீளத்தை உச்சமாக வைத்து. ஆம், நாம் எல்லாரும் ஒளிர்கிறோம். ஆனால் சுவரும் தரையும் செம்பருத்திச் செடியும்கூட ஒளிர்கின்றன. பெருமழை ஓய்ந்து வாசல் 24 டிகிரிக்குத் தணிந்த இரவில் நமக்கும் சுவருக்கும் இடையே 55 வாட் வித்தியாசம் இருக்கும். நடுப்பகல் 32 டிகிரியில் அது 6, 7 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. வெள்ளைச் சுவரின்முன் வெள்ளைப் புடவை கட்டி நிற்பதுபோல் நாம் வெயிலின் சூட்டுக்குள் கரைந்து நிற்கிறோம்.

குமிழைப் பொருத்திய வயர்மேன் அண்ணன் இந்தக் கணக்கை வேறு விதமாகச் சொன்னார். "மத்தியானம் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும் தம்பி. மழை விட்டதும் பாருங்க, பூனை வந்தாலும் விடாது." அன்று இரவே மழை பெய்தது. எதிர்வீட்டுச் சாம்பல் பூனை வேலிக்கடியில் நுழைந்து ஈரத் தரையில் முன்காலை வைத்ததும் வாசல் முழுக்க வெளிச்சம். பூனை ஒரு கணம் நின்று அந்தக் குமிழை நிமிர்ந்து பார்த்தது. எங்கள் வீட்டில் அதற்குரிய மரியாதையை முதலில் செய்தது அதுதான்.

வெப்பமின் பொருளுக்கு மாற்றம்தான் மொழி. நிலைத்த சூட்டுக்கு அது பேசாது. வாசல் நாற்காலியில் சாய்ந்து மழைக்குப் பிந்தைய தவளைச் சத்தத்தைக் கேட்டபடி அசையாமல் இருந்தால், சிறிது நேரத்தில் விளக்கு தானே அணைந்துவிடும். கையை லேசாக அசைத்தால் மறுபடி எரியும். நான் சில இரவுகளில் வேண்டுமென்றே அசையாமல் இருப்பேன். இருட்டு வந்து சேரும் அந்தக் கணம் அவ்வளவு இதமானது.

சூடு மாறினால் மின்னூட்டம் அரும்பும் இந்தக் குணம் முதலில் மேற்குலகின் கண்ணில் பட்டது நம் பக்கத்துக் கல் ஒன்றில். 1703 வாக்கில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு மணிக்கல்லைக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் தோரமல்லி என்று வழங்கிய சொல்தான் அங்கே போய்த் தூர்மலீன் ஆனது. தணலருகே வைத்தால் அது சாம்பலைத் தன்பால் இழுக்கும், பிறகு உதறித் தள்ளும். டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். 1756-இல் ஏப்பினுஸ் என்ற ஆய்வாளர் அதை மின்சாரம் என்று கண்டுசொன்னார். வெப்ப மின்சாரம் என்ற பொருளில் பெயர் சூட்டியவர் புரூஸ்டர், 1824-இல். இலங்கை மண்ணிலிருந்து எடுத்த ஒரு கல், அடுப்போரம் சாம்பலோடு விளையாடிய விளையாட்டு, இன்று நம் வாசலில் விளக்கேற்றுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

தூர்மலீனின் தம்பிகளில் என் மனத்துக்கு நெருக்கமானது டிரைகிளைசின் சல்ஃபேட். பெயர் கரடுமுரடு, பிறப்பு மிக மென்மையானது. கிளைசின் என்பது நம் உடம்பின் புரதங்களிலேயே இருக்கும் எல்லாவற்றிலும் எளிய அமினோ அமிலம். அதன் மூன்று மூலக்கூறோடு கந்தக அமிலம் ஒன்று சேர்ந்தால் இந்தப் பொருள். இதன் தனிக்குணத்தை 1956-இல் பெல் ஆய்வகத்தார் கண்டார்கள். இதை உலையில் உருக்க வேண்டியதில்லை. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு சிறு வித்துப் படிகத்தை உள்ளே தொங்கவிட்டு, மெல்ல மெல்லக் குளிரவிட வேண்டும். கற்கண்டு விளைவிப்பவர்கள் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் காத்திருப்பார்களே, அதே பொறுமை. அவசரப்பட்டால் கலங்கிப் பொடியாகும். ஆடாமல் அசையாமல் விட்டால் நாளாக நாளாக, முகம் முகமாய், நீர்த்துளி உறைந்ததுபோல் ஒரு பளிங்கு எழும்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-இல் படிக வளர்ப்புக்கென்றே ஒரு மையம் தொடங்கியது. கரைசலிலிருந்து படிகம் வளர்க்கும் கலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொடை, உலக ஆய்விதழ்களில் சங்கரநாராயணன்–ராமசாமி முறை என்ற பெயரிலேயே வழங்குகிறது, 2005-இல் வெளிவந்தது. அதன் எளிமையைப் பாருங்கள். அடிப்பக்கம் கூம்பிய ஒரு கண்ணாடிக் குழாய். அந்தக் கூம்பின் நுனியில் வித்து, நாம் விரும்பும் திசைக்கு முகம் காட்டி உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு வளையச் சூடேற்றி நீரை மெதுவாக ஆவியாக்கும். கீழே படிகம் அந்த ஒரே திசையில், குழாயின் உருவத்தையே தன் உருவமாக்கிக்கொண்டு, விரல்போல் நீண்டு வளரும். டிரைகிளைசின் சல்ஃபேட்டையும் இப்படி வளர்த்திருக்கிறார்கள். வெப்பமின் படிகத்துக்குத் திசைதான் உயிர். மின்னூட்டம் அரும்புவது ஒரே ஓர் அச்சின் இரு முனைகளில். அந்த அச்சைக் குழாயின் நீளத்தோடு முன்கூட்டியே பொருத்திவைத்துவிட்டால், வளர்ந்த படிகத்தைக் குறுக்காக அரிந்தாலே போதும், ஒவ்வொரு வில்லையும் உணரும் முகத்தோடு பிறக்கும். வெண்டைக்காய் நறுக்குவதுபோல! செய்நேர்த்தி என்றால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

மென்மையானது என்றேன். 49 டிகிரி சூடு ஏறினால் இந்தப் பளிங்கு தன் குணத்தை இழந்து வெறும் உப்பாகிவிடும். டியூட்டீரியம் சேர்த்தும் அலனின் கலந்தும் அந்த எல்லையை 60 டிகிரி பக்கம் உயர்த்தி, குணம் தலைகீழாகாமல் காக்கிறார்கள். தண்ணீர் பட்டால் கரையும். ஆகவே அதை ஒரு சாளரத்துக்குப் பின்னால் பூட்டிவைக்கிறார்கள். பொட்டாசியம் புரோமைடால் ஆன சாளரம் என்றால் அதுவும் ஈரக்காற்றில் மங்கும்! துணி உலர மறுக்கும் ஜொகூரில் இப்படி ஒரு கருவியை வைத்திருப்பது, கைக்குழந்தையை வைத்திருப்பது மாதிரி. பக்கத்தில் நீல நிறச் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டுவைப்பார்கள். ஈரம் குடிக்கக் குடிக்க அவை ரோஜா நிறத்துக்கு மாறும். நிறம் மாறியதும் எடுத்து உலர்த்தி, நீலம் திரும்பியதும் மறுபடி வைப்பார்கள்.

இவ்வளவு சீராட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஒரே படிகம், அறையின் சாதாரண வெதுவெதுப்பில், அகச்சிவப்பின் இக்கரையிலிருந்து அக்கரை வரை பார்க்கிறது. பாசிர் கூடாங் துறைமுகம் கப்பலேற்றும் செம்பனை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு துளி எண்ணெயின் ஊடே அகச்சிவப்பைச் செலுத்தினால், 3.4 மைக்ரான் பக்கம் கரியும் ஹைட்ரஜனும் கைகோத்த இடங்கள் ஒளியைக் குடிக்கும், 5.7 மைக்ரான் பக்கம் கொழுப்பின் எஸ்டர் முடிச்சுகள் குடிக்கும். அதற்கும் அப்பால் கைரேகைபோல் நுண்ணிய பள்ளங்கள் வரிசையாக வரும். துளியைக் கடந்து வரும் ஒளியில் எங்கெங்கே குறை என்று இந்தப் படிகம் எடுத்துக் கொடுத்தால் எண்ணெயின் சாதகமே கையில் கிடைத்துவிடும். வேகமும் கூர்மையும் வேண்டுமானால் நைட்ரஜனில் குளிர்ந்த கருவிகளுக்குப் போகலாம்தான். ஆனாலும் அவை தத்தம் எல்லைக்கு அப்பால் குருடு. இதற்கு அப்படி ஒரு வேலி கிடையாது.

சூட்டைக் காணும் இந்த வேலையைக் காடு நமக்கு முன்பே செய்து முடித்துவிட்டது என்பதையும் சொல்லாமல் போக முடியவில்லை. ஜொகூரின் மழைக்காட்டில் இலைப் பச்சையும் மஞ்சள் வரியுமாய்க் கிளையில் சுருண்டிருக்கும் குழிவிரியன் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் உலார் காபாக் என்பார்கள். பினாங்குப் பாம்புக் கோயிலில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே தூங்கும் அதே இனம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே அதற்கு ஒரு குழி. குழிக்குள் ஒரு மில்லிமீட்டரில் எழுபதில் ஒரு பங்கே கனமுள்ள சவ்வு, இருபுறமும் காற்று சூழ, முரசின் தோல்போல் கட்டியிருக்கிறது. மெல்லியது என்பதால் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு மாறினாலும் நரம்பு அதிரும். அந்த நரம்பில் சூட்டை வாங்கும் புரதத்தை 2010-இல்தான் அடையாளம் கண்டார்கள்.

இன்றைய வெப்பக் கேமராவும் அந்தச் சவ்வின் வழியில் வந்ததே. ஒவ்வொரு புள்ளியும் 12 மைக்ரான் அகலத்தில் ஒரு வனேடியம் ஆக்சைடு ஊஞ்சல், இரண்டு மெல்லிய கால்களில் தொங்கும். அடியில் விட்டிருக்கும் இடைவெளியைத்தான் நான் இரசிக்கிறேன்: ஏறத்தாழ 2.5 மைக்ரான், மேனிச் சூட்டின் அலைநீளத்தில் கால்வாசி. ஊஞ்சலைத் தப்பிக் கீழே நழுவிய ஒளி அடித்தளத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் ஊஞ்சலிலேயே வந்து பிடிபடும்படி அளந்து விட்ட இடைவெளி. கொவிட் நாட்களில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு சிறு வெப்பமானி, அதற்குள்ளும் இதைப்போலவே ஒரு மெல்லிய சவ்வு, அதைச் சுற்றி நூறளவில் வெப்ப இணைகள். அம்மாவின் புறங்கையைப் போல, ஆனால் தொடாமல்.

கடைசியாக ஒரு கறுப்பு. எல்லா அலைநீளத்தையும் ஏந்த வேண்டுமென்றால் படிகத்தின் முகத்துக்கு ஒரு பூச்சு வேண்டும். எந்த ஒளியையும் திருப்பி அனுப்பாத கறுப்பு. நேர்த்தியான கருவிகள் சிலவற்றில் அந்தக் கறுப்பைத் தங்கத்தால் செய்கிறார்கள். வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கினால் அது பொன்னாகவே படியும். கொஞ்சம் வாயுவை விட்டுவைத்து ஆவியாக்கினால், தங்க அணுக்கள் வழியெல்லாம் மோதி மோதிச் சோர்ந்து, நூலாம்படைபோல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்து இறங்கும். அந்தப் படிவம் முழுக்க நுண்ணிய வெற்றிடங்கள். உள்ளே நுழைந்த ஒளி வெளியே வரும் வழியறியாது. வெல்வெட்டுப்போல், குழந்தையின் கண்ணுக்குத் தீட்டப் புதிதாய்க் கூட்டிய மைபோல் இருக்கும். விரல் நுனி பட்டாலே அமுங்கிப்போகும்.

ஜாலான் உங்கு புவானில் நகைக்கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் சரம் சரமாகத் தொங்கும் தங்கம், தன்மேல் விழும் வெளிச்சத்தையெல்லாம் தெருவுக்கே திருப்பி வீசுகிறது; அதனால்தான் அந்தப் பளபளப்பு. இங்கே அதே தங்கம் அநேகமாக ஒரு கதிரையும் திருப்பித் தராமல், வந்த அத்தனையையும் தன் கருமைக்குள் வாங்கி, அடியில் காத்திருக்கும் பளிங்கின்மேல் ஒரு துளி வெதுவெதுப்பாக இறக்கி வைக்கிறது.